விசில் கேட்கவில்லை என்று சொன்னவன்

1

நான் வேலை செய்வது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலையில். காலை பத்தேமுக்காலுக்குத் தேநீர் இடைவேளை, பதினைந்து நிமிடம். பதின்மூன்றாவது நிமிடமே நான் எழுந்துவிடுவேன். பிந்தினால் பெயரைக் குறித்துக்கொள்வார்கள் என்று பயம். பதினோரு வருடத்தில் யாரும் யாருடைய பெயரையும் குறித்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் பயம்தான். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று குழம்பி, விசா அட்டை பையில் இருக்கிறதா என்று பஸ்ஸில் போகும்போது மூன்று தரம் தடவிப் பார்க்கிறவன் நான். லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இப்படித்தான் என் நாள் விடிகிறது.

போன வாரம் அந்த இடைவேளையில் ஜாவேத் பாய் தன் போனை மேசை நடுவில் சாய்த்து வைத்தார். அவர் பாகிஸ்தான்காரர், துணி மடிக்கும் மெசினில் என் ஜோடி. ஏதோ ஒரு சர்வதேச மேட்சின் துண்டு ஓடியது. பேட்ஸ்மன் ஒரு பந்தை விட்டுவிடுகிறார். கீப்பர் பிடிக்கிறார். ஓவர் முடிந்தது என்று நினைத்து பேட்ஸ்மன் கோட்டை விட்டு வெளியே வந்து, எதிர்முனைக்காரரோடு பேச நடக்கிறார். கீப்பர் பந்தை எறிகிறார். ஸ்டம்ப் சிதறுகிறது. அவுட்.

"இது திருட்டு" என்றார் ஜாவேத் பாய்.

"கோட்டுக்குள் நிற்கத் தெரியாதவன் ஏன் ஆட வருகிறான்?" என்றார் எங்கள் மேற்பார்வையாளர் டேவ். சட்டம் இருக்கிறது, சட்டப்படி அவுட் என்பது அவர் பேச்சு. சட்டத்துக்கு மேலே ஒரு மரியாதை இருக்கிறது என்பது ஜாவேத் பாயின் பேச்சு. இரண்டு பேரும் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சண்டை பிடித்தார்கள். கடைசியில் ஜாவேத் பாய் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உங்கள் சிலோன் ஆள் ஒருத்தரைத்தானே, தலைக்கவசத்து வார் அறுந்து இன்னொன்று வருவதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று ஒரு பந்தும் ஆடவிடாமல் அனுப்பினார்கள்? நீ யார் பக்கம்?"

நான் "சாரி" என்றேன்.

மேசையே சிரித்தது. எனக்கு இங்கே அந்தப் பெயர்தான். ஒரு நாளைக்கு நூறு தரம் சாரி சொல்வேன். ஆளுக்கு வழிவிட்டால் சாரி, அவர்கள் என் காலை மிதித்தாலும் சாரி. ஒருநாள் துணி வண்டியில் முட்டிக்கொண்டு வண்டிக்கே சாரி சொன்னேன் என்று டேவ் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். ஆனால் அன்று சொன்ன சாரி அந்த வகை இல்லை. அந்தத் துண்டில் பேட்ஸ்மனைக் காட்டினார்கள், தலைவரைக் காட்டினார்கள், கூச்சல் போடும் கூட்டத்தைக் காட்டினார்கள். நான் கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் நானும் கீப்பராக நின்றவன். இதே மாதிரி ஒருவனை அவுட்டாக்கியவன்.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களில் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், லுணுகலையில் இருந்து ஏழு கட்டை மேலே; கட்டை என்றால் மைல். மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று இரண்டு பிரிவு, ஒவ்வொன்றிலும் வரிசை வீடுகளாக லயங்கள். இரண்டு பிரிவுக்கும் நடுவே, வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு மைதானம். மைதானம் என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மேட்டில் தொடங்கும் தேயிலை அப்படியே நமுனுகுல மலை வரைக்கும் ஏறிப் போகிற மாதிரி இருக்கும். பந்து தேயிலைக்குள் போனால் இரண்டு ரன். கிடைக்காவிட்டாலும் இரண்டு ரன்தான். ஆனால் அடித்தவன்தான் போய்த் தேட வேண்டும், அட்டைக்கடி அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் அன்றே கூலி கிடைக்கும் கைக்காசு வேலைக்கு மலை ஏறுவார்கள். நாங்கள் கீழே ஆடுவோம். நடுப்பகலில் மலையில் இருந்து கங்காணி விசில் ஊதுவார், இரண்டு நீளம், ஒரு குட்டை. கொழுந்து நிறுக்க நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த விசில் கேட்டதும் மேட்ச் நின்றுவிடும். பந்து கையில் இருந்தாலும் சரி, காற்றில் இருந்தாலும் சரி, செத்த பந்து. பேட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் மலைக்கு ஓடுவோம். அவனவன் அம்மா, அக்கா, அத்தை கட்டி வைத்திருக்கும் கொழுந்து மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரத்து மடுவத்தில் இறக்குவோம். அங்கேதான் தராசு. நிறுத்து முடிந்ததும் திரும்பி வந்து அவரவர் நின்ற இடத்தில் நிற்போம். விட்ட இடத்தில் இருந்து ஆட்டம்.

இதை யார் தொடங்கியது என்று தெரியாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வேறு தோட்டத்து டீம்கள் வந்தால் சிரிப்பார்கள். "என்னடா இது, மேட்ச் நடுவுல சரக்கு ஏத்தப் போறானுங்க" என்பார்கள். அடுத்த ஞாயிறு அவர்களும் கூட வந்து மூட்டை தூக்குவார்கள்.

தங்கராஜ் மேல்கணக்கு. நான் கீழ்கணக்கு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள். எட்டாம் வகுப்போடு நான் நின்றேன், ஒன்பதாம் வகுப்போடு அவன் நின்றான். அந்த ஒரு வருசப் படிப்பைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்வான். "மாப்ள, நான் படிச்சவன், நான் சொன்னா கேளு" என்பான். அவன் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். பேச்சியம்மா. மலையிலேயே அதிகம் எடுக்கிற கை. அவர் மூட்டைதான் எப்போதும் பெரிய மூட்டை, அதைத் தூக்க தங்கராஜை விட்டால் ஆள் இல்லை.

3

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு. மேல்கணக்குக்கும் கீழ்கணக்குக்கும் இறுதி ஆட்டம். ஒருமுறைகூட நாங்கள் அவர்களை ஜெயித்ததில்லை. உள்ளூர் ஆள் அம்பயராக நின்றால் சண்டை வருகிறது என்று லுணுகலை கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சலீம் நானாவை, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம், கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளைத் தொப்பி, சட்டைப்பையில் சட்டப் புத்தகம். நியாயமான மனிதர். எங்கள் விசில் கதை மட்டும் அவருக்குத் தெரியாது. சொல்லி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது சொல்லி வைப்பார்களா?

அவர்கள் இரண்டாவதாக ஆடினார்கள். தங்கராஜ் மூன்று ரன்னில் இருந்தபோது அவன் கொடுத்த கேட்சை நான் விட்டேன். கையில் விழுந்த பந்து. எங்கள் தலைவர் பாண்டியண்ணன் நடந்து வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்: "டேய் லிங்கம், இந்த மேட்ச் போச்சுன்னா ஒன்னாலதான் போச்சு. லயத்துக்குள்ள நீ எப்பிடி மொகத்தைக் காட்டுறன்னு பாக்குறேன்."

அதன் பிறகு நான் மேட்ச் ஆடவில்லை. பயந்துகொண்டு நின்றேன். தங்கராஜ் ஐம்பதைத் தாண்டினான். ஒவ்வொரு அடிக்கும் தப்பு மேளம் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பாண்டியண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னும் எட்டு ரன் வேண்டும், இரண்டு விக்கெட் கையில்.

அப்போது ஒரு பந்து வெளியே போனது. தங்கராஜ் விட்டுவிட்டான். நான் பிடித்தேன். பிடித்த அதே நேரத்தில் மலையில் இருந்து விசில் கேட்டது. தப்புச் சத்தத்துக்கு மேலே, மெல்லிசாக. இரண்டு நீளம், ஒரு குட்டை.

தங்கராஜ் பேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். கோட்டைத் தாண்டி மேட்டுப்பக்கம் நடந்தான். நடந்துகொண்டே சொன்னான்: "ஒங்கம்மா மூட்டையையும் நானே எடுத்துக்கிறேன் மாப்ள. நீ பேடைக் கழட்டிட்டு மெதுவா வா."

நான் ஸ்டம்பைத் தட்டினேன்.

வேறு எப்படியும் எழுத எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் செய்தேனா என்று கேட்டால் யோசிக்கவில்லை. தெரியாமல் செய்தேனா என்று கேட்டால் தெரிந்துதான் செய்தேன். அவன் நாலைந்து அடி போயிருந்தான். நான் கத்தினேன். கீழ்கணக்கு மொத்தமும் கத்தியது.

தங்கராஜ் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். விளையாட்டுக்குச் செய்கிறேன் என்று நினைத்தான். "விசில் கேட்டுருச்சுங்க நானா, பந்து செத்துப்போச்சு. இவன் பகிடி விடுறான்" என்றான்.

சலீம் நானா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "நான் ஊதலியே தம்பி. எந்த விசில்?"

மேல்கணக்குக்காரர்கள் விளக்கம் சொல்ல ஓடி வந்தார்கள். "எங்க விசில் கேட்டுச்சு? தப்புச் சத்தம்தான் கேட்டுச்சு. ஓட்டம் ஓடப் பாத்தான், மாட்டிக்கிட்டான்" என்று பாண்டியண்ணன் பாய்ந்தார். அவருக்கு உண்மையிலேயே கேட்டிருக்காது, அவர் பள்ளத்துப் பக்கம் நின்றார். எனக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்காவது கேட்டிருக்கும். அவர்கள் என் வாயைப் பார்த்தார்கள்.

நானா எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். என் தோளில் கை வைத்தார். "தம்பி, நீங்கதான் பக்கத்துல நின்டீங்க. விசில் கேட்டுச்சா? இவரு ஒங்கக்கிட்ட ஏதோ சொல்லிட்டுத்தான் போனேங்கிறாரு. அது மெய்யா? மெய்யின்டா சொல்லுங்க, நான் திருப்பிக் கூப்பிடுறேன். நீங்க கேட்டா அவுட் குடுக்க வேண்டியது என்ட வேலை. வேணாமின்டு சொல்றது ஒங்கட வேலை."

"எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க" என்றேன். "அவன் ஒண்ணும் சொல்லவும் இல்ல."

நானா விரலைத் தூக்கினார்.

4

ஏழு ரன்னில் ஜெயித்தோம். அதற்குள் அரை மணிநேரச் சண்டை. அந்த அரை மணிநேரமும் மலையில் பேச்சியம்மா அத்தை மூட்டையோடு காத்திருந்தார். மற்றப் பெண்கள் இழுத்துக்கொண்டு, உருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். கடைசியில் அவரே தலையில் ஏற்றிக்கொண்டு, சறுக்கி விழுந்து, முழங்கை கிழிந்து மடுவத்துக்கு வந்தார். நிறுத்துவிட்டு நேரே மைதானத்துக்கு வந்தார், இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு.

"விசில் கேட்டுச்சா இல்லையாடா?" என்று மகனைக் கேட்டார்.

"கேட்டுச்சும்மா. ஒங்கிட்ட வரத்தான்…"

பாண்டியண்ணன் குறுக்கே விழுந்தார். "ஓட்டத்துக்கு ஓடி அவுட்டாயிட்டு ஒங்க மேல பழியப் போடுறான் அக்கா. வேணும்னா கீப்பரக் கேளுங்க."

அத்தை என்னைப் பார்த்தார். தங்கராஜும் பார்த்தான். அவன் பார்வையில் அப்போதுகூடக் கோபம் இல்லை. இப்போதாவது சொல்லுவான் என்கிற மாதிரிப் பார்த்தான். நான் குனிந்து கால் பேடின் வாரைக் கழற்றினேன். அது கழன்றுதான் இருந்தது.

"ஒரு ஆட்டத்துக்காக என்னைய வச்சுப் பொய் சொல்றியாடா? நான் அங்கன ஒக்காந்து வழி பாத்துக்கிட்டு கெடக்கேன்!" என்று கேட்டு, காலில் கிடந்ததைக் கழற்றி அடித்தார். ஒரே ஒரு அடி. இருபது வயது ஆள் அவன். அத்தனை பேருக்கு முன்னால். அவன் பேட்டை அங்கேயே போட்டுவிட்டு மேட்டில் ஏறிப் போனான். பிறகு அவன் அந்த மைதானத்தில் இறங்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு வேறொரு மேட்ச். விசில் கேட்டது. பேட்டிங் செய்தவன் கோட்டை விட்டு நகரவில்லை. முதலில் திரும்பிக் கீப்பரைப் பார்த்தான். கீப்பர் பந்தைக் கீழே வைத்தபிறகுதான் நகர்ந்தான். அதற்கடுத்த ஞாயிறு, "இந்த ஓவர் முடியட்டும்டா" என்றான் ஒருவன். அடுத்த வருடம் விசில் கேட்டால் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. பெண்களே மூட்டையைச் சுமந்து இறங்கினார்கள். என் அம்மாவும்தான். "பயலுகளுக்கு மீசை மொளச்சிருச்சு, இனி எங்க வரப்போறானுங்க" என்று மடுவத்தில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். வயதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு தோட்டத்துப் பெண்களின் தோளில் நான் ஏற்றி வைத்த பாரம் அது. அவர்களில் யாருக்கும் அது தெரியாது.

தோட்டத்தில் ஒரு பேச்சும் பிறந்துவிட்டது. யாராவது நம்ப முடியாத காரணம் ஒன்று சொன்னால், "தங்கராசுக்கு விசில் கேட்ட மாதிரி" என்பார்கள். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவனிடம் கணக்கப்பிள்ளையே சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

நான் ஊரை விட்டு வந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கொழும்பு ஹோட்டல் சமையலறை, பிறகு துபாய், பிறகு இங்கே. பயப்படுகிறவனுக்கு இந்த நாடு பொருத்தமான நாடு, பயப்பட ஏராளமான காகிதம் கொடுக்கிறார்கள். பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எடுத்த பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர், அடையாள அட்டையில் நாங்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர். இரண்டும் ஒரே இடம்தான் என்று நிரூபிக்க ஒன்றரை வருடம் ஆனது. அதுவரை பாஸ்போர்ட் இங்கத்து விசா ஆபீஸ் கையில். அந்த இடைவெளியில் என் அம்மா இறந்தார். தங்கை கோமதி வீடியோவில் காட்டினாள். தூக்கிப் போன நாலு பேரில் முன்னால் தோள் கொடுத்து நின்றது தங்கராஜ். மகன் இல்லாத வீட்டுக்கு யாரோ ஒருவர் செய்யத்தானே வேண்டும் என்று, யாரும் கேட்காமலே வந்தானாம்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் நல்ல நடத்தை உள்ளவர் இல்லை என்று காட்டக்கூடிய எதையாவது எப்போதாவது செய்திருக்கிறீர்களா? மூன்று நாள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வக்கீலுக்குப் போன் போட்டு, "ஒரு கிரிக்கெட் மேட்ச் விஷயம், அதை எழுத வேண்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு அனுப்பினேன். இரண்டாவது தரமும், இந்தத் தரம் எழுத்தில், பொய் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

5

அந்த மேட்ச் துண்டைப் பார்த்த அன்று மாலை மகள் மதுவிடம் கேட்டேன். பதினான்கு வயது. இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் டீமில் ஆடுகிறாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். கிரிக்கெட் என்றால் மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்வாள், அதனால் கிரிக்கெட்டாகவே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"கோட்டைத் தாண்டினார், பந்து உயிரோடு இருந்தது, அவுட். இதில் அழ என்ன இருக்கிறது?" என்றாள்.

"பந்து செத்துவிட்டது என்று அவர் நம்பினாரே."

"நம்பினால்? கீப்பர் என்ன பொய்யா சொன்னார்?"

நான் தட்டைக் கழுவப் போனேன்.

சனிக்கிழமை கோமதி போன் போட்டாள். ஊர்ச் செய்தி எல்லாம் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னாள். "தங்கா அண்ணன் மக இருக்குல்ல, சின்னது, டியூசனுக்குப் பிந்திப் போயிருக்கு. பஸ் வரலன்னு சொல்லிருக்கு. மெய்யாவே பஸ் வரல, நாங்களும்தான் நின்னோம். ஒரு பய, 'ஒங்கப்பாவுக்கு விசில் கேட்ட மாதிரியா'ன்னு கேட்டுட்டானாம். அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாங்களாம். அழுதுக்கிட்டே வந்துருச்சு. அது என்னாண்ணே, இன்னுமா அந்தப் பேச்ச விடல?"

கோமதிக்கும் தெரியாது. யாரிடமும் நான் சொன்னதில்லை.

அன்று என் மனைவி சாந்தியிடம் சொன்னேன். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, முழுவதையும் சொன்னேன். மது போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏங்க, இவ்வளவு நாளா இதத்தான் வயித்துல வச்சுக்கிட்டு, அடுப்ப அணைச்சேனா கதவப் பூட்டுனேனான்னு அலைஞ்சீங்களா?" என்றாள் சாந்தி. "போன் எடுங்க. அவருக்கிட்ட சொல்லுங்க."

"இருபத்திரண்டு வருசம் கழிச்சு எப்பிடிச் சொல்றது?"

மது தலையைத் தூக்கினாள். "அடுத்த நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டாள்.

"அடுத்த நாள் அவன் வேலைக்குப் போய்விட்டான்" என்றேன்.

நான் சொன்ன பதில் எவ்வளவு கேவலமானது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பந்து உயிரோடு இருந்ததா செத்துவிட்டதா என்று அதன் பிறகு அவள் என்னோடு விவாதிக்கவில்லை. நானும் எதையும் கிரிக்கெட்டாகக் கேட்கவில்லை.

6

ஞாயிறு காலை எங்களுக்கு ஒன்பது மணி, அங்கே மத்தியானம் தாண்டிய நேரம். தங்கராஜ் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான், லுணுகலைக்கும் தோட்டத்துக்கும் இடையில். நம்பரைக் கோமதி தந்தாள். ஆறு தரம் மணி அடித்த பிறகு எடுத்தான்.

"யாருங்க?"

"நான்தான். லிங்கம். கீழ்கணக்கு லிங்கம்."

"ஓ. சொல்லுங்க. சொகமா இருக்கீங்களா? குளிர்தானே அங்க இப்ப?"

மழையைப் பற்றிக் கேட்டான், பிள்ளையைப் பற்றிக் கேட்டான். ஹயருக்கு ஒரு ஆள் காத்திருக்கிறார் என்றான். நான் எழுதி வைத்திருந்த காகிதம் கையில் இருந்தது. வாசிக்கவில்லை. "தங்கா, அன்னைக்கு எனக்கு விசில் கேட்டுச்சு" என்றேன்.

காகிதத்தை மடித்து மேசையில் வைத்தேன்.

"நீ சொல்லிட்டுப் போனதும் கேட்டுச்சு. எங்கம்மா மூட்டைய எடுத்துக்கிறேன்னு நீ சொன்ன. எல்லாம் கேட்டுச்சு."

"எனக்குத் தெரியாததையா சொல்றீங்க?" என்றான். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் சொன்னது ஒங்க காதுல விழுந்துச்சான்னு எனக்குத் தெரியாதா? அந்த வருசம் பூரா பாத்தேன், இன்னைக்கி வந்து சொல்லுவான், நாளைக்கி வந்து சொல்லுவான்னு. ரோட்டுல பாத்தா நீங்கதான் அந்தப் பக்கமா போயிருவீங்க."

"சாரி தங்கா."

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க. எனக்கு இப்ப அது வேணாம்." பிறகு, "அம்மா இங்கதான் இருக்கு. அதுக்கிட்ட சொல்றீங்களா? நான் சொன்னா இன்னைக்கும் நம்பாது" என்றான்.

நான் ஆம் என்று சொல்வதற்குள் அவன் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தான். "லண்டன்ல இருந்து பேசுறாங்க" என்று அத்தையிடமும், "காது மந்தம், சத்தமா சொல்லுங்க" என்று என்னிடமும் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் போனது கேட்டது.

"ஆரு?" என்றார் அத்தை. அந்தக் குரல் அப்படியே இருந்தது.

"நான் லிங்கம் அத்தை!"

"ஆரு லிங்கம்? கேக்கலய்யா!"

கத்தினேன். பக்கத்து வீட்டுச் சுவர் எங்களுக்கும் சுவர். அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒவ்வொரு நாளும் கதவைக்கூட மெதுவாகச் சாத்துகிறவன் நான், அன்று அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று கத்தினேன். "அன்னைக்கு மேட்ச்ல விசில் கேட்டுச்சு அத்தை! தங்கா பொய் சொல்லல! நான்தான் பொய் சொன்னேன்! விசில் கேட்டதும் அவன் ஆட்டத்த விட்டுட்டு ஒங்ககிட்ட வரத்தான் நடந்தான்! அப்பத்தான் அவன அவுட்டாக்குனேன்!"

சாந்தி சமையலறை வாசலில் நின்றாள். மது மாடிப்படியில் பாதியில் நின்றாள். போனுக்குள் லயத்துச் சத்தம் எல்லாம் கேட்டது. யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம், ஒரு கோழி. திருப்பிச் சொல்ல வேண்டுமோ என்று மூச்சை இழுத்தேன்.

"அப்ப," என்றார் மெதுவாக, "அவன் எனக்குத்தான் வந்தானா?"

"ஒங்களுக்குத்தான் அத்தை."

"நான் அவன அடிச்சேனே."

சாரி என்பதற்கு எங்கள் லயத்தில் ஒரு சொல் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

"அம்புட்டுப் பேரு முன்னால அடிச்சேனே," என்றார் மறுபடியும். அது எனக்குச் சொன்னது இல்லை. பிறகு போனை எங்கேயோ வைத்தார். லைனை வெட்டத் தெரியவில்லை போல. கால் இழுத்து நடக்கிற சத்தம். வெளியே ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற சத்தம்.

"தங்கா," என்று கூப்பிட்டார். "டேய் தங்கா… நில்லுடா. சோறு திங்காமப் போறியே. தங்கா."

ஆட்டோச் சத்தம் இறக்கத்தில் இறங்கி, வளைவில் தேய்ந்துபோனது. அத்தை அதற்குப் பிறகும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.